பூஜ்யத்துக்குக் கீழே நின்ற முள்

ஜூன் 17. காலை 5.40. என் மனைவி மருத்துவமனையில் இறந்தார். வயது 57. ஓசூரில் ஒரு பெண்கள் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியை. காரணம்: மூளையில் இரத்தக் கசிவு.

ஜூன் 29. காலை 6.15. அவருடைய கபடி அணி மாணவிகள் ஒன்பது பேர் எடை பார்த்துக்கொள்ள வீட்டுக்கு வந்தனர். எடை பார்க்கப்பட்டது.

ஜூலை 6. எடைக்கருவியில் பூஜ்யப் பிழை கண்டறியப்பட்டது. அளவு: இரண்டு கிலோ குறைவு. அன்றே சரிசெய்யப்பட்டது. சரிசெய்தவர்: நான்.

ஜூலை 8. வாரம் ஒருமுறை நடந்துவந்த எடைபார்த்தல் தினசரி ஆக்கப்பட்டது.

ஜூலை 22. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் எடை, இரண்டு வாரங்களில் 56.4 கிலோவிலிருந்து 53.6 ஆகக் குறைந்திருந்தது.

ஜூலை 23. காலை 7.05. அதே மாணவி பயிற்சியின்போது மைதானத்தில் மயங்கி விழுந்தாள்.

மேற்கண்ட பதிவில் பிழை எதுவும் இல்லை. முப்பத்தொரு ஆண்டுகள் பொறியியல் மாணவர்களுக்கு அளவியல் கற்பித்தவன் நான். எந்தக் கருவியானாலும், அளக்கத் தொடங்கும் முன் அதன் பூஜ்யத்தைப் பார்க்க வேண்டும் என்பதுதான் ஒவ்வோர் ஆண்டும் என் முதல் வகுப்பின் முதல் வாக்கியம். அந்த வாக்கியத்தை நான் இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை. அதை வைத்துக்கொண்டு என் வீட்டில் நான் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கபடியில் எடைக்கு வரம்பு உண்டு. பதினாறு வயதுக்குட்பட்ட பிரிவில் ஆடும் பெண் ஐம்பத்தைந்து கிலோவைத் தாண்டக் கூடாது. அடுத்த பிரிவின் வரம்பு அறுபத்தைந்து. மாணவிகள் இவற்றை ‘அம்பத்தஞ்சு’, ‘அறுவத்தஞ்சு’ என்று இரண்டு ஊர்களின் பெயரைப்போலச் சொல்வார்கள். பள்ளியின் எடைமேடை அலுவலக வராந்தாவில், எல்லோரும் கடந்துபோகும் இடத்தில் இருந்தது. யார் ஏறினாலும் போகிற வருகிறவர்கள் எண்ணை உரக்கப் படித்துவிட்டுப் போவார்கள். என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் வீடு பள்ளியின் பின்வாசலுக்கு எதிரில் இருப்பதால், வட்ட முகப்பும் முள்ளும் கொண்ட ஒரு கருவியை வாங்கி எங்கள் முன்னறையில் வைத்தார். சனிக்கிழமை காலைகளில் பெண்கள் வருவார்கள். நான் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவேன். கீழே சிரிப்பு கேட்கும். பதினான்கு ஆண்டுகள் நான் அந்தக் கருவியின் அருகில் போனதில்லை.

அவர் இறந்த பன்னிரண்டாம் நாள் காலையில் அழைப்புமணி அடித்தது. வாசலில் ஒன்பது பெண்கள் நின்றார்கள். அவர்களின் தலைவி பன்னிரண்டாம் வகுப்பு, நெடுநெடுவென்று வளர்ந்தவள்.

“சார், இன்னிக்கு சனிக்கெழம” என்றாள்.

பள்ளிக்கு வேறு உடற்கல்வி ஆசிரியர் இன்னும் வந்திருக்கவில்லை. ஆகஸ்டில் குருபரப்பள்ளியில் ஒரு போட்டி இருந்தது. கதவைத் திறந்துவிட்டேன். அன்று முழுவதும் என்னிடம் வேறு எவரும் எதையும் கேட்கவில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அந்த ஒன்பது பேரின் எடையை எழுதி வைத்தது, அந்த மாதத்தில் நான் முழுமையாகச் செய்து முடித்த ஒரே வேலை.

அடுத்த சனிக்கிழமை, பெண்கள் எடை பார்த்துவிட்டுப் போன பிறகு, கருவியைத் துடைத்தபோது முகப்பில் பூஜ்யம் இருக்கும் இடத்தின் மேல் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். காயத்துக்கு ஒட்டுகிறோமே, அதேதான். கண்ணாடியில் விரிசல் இருக்கும் என்று எண்ணி உரித்தேன். விரிசல் இல்லை. அதன் அடியில், யாரும் ஏறாத நிலையில், முள் பூஜ்யத்துக்கு இரண்டு கிலோ கீழே நின்றது. பின்புறத் திருகைத் திருப்பி முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தினேன். அரை நிமிட வேலை. எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சியாக இருந்தது. இவ்வளவு நாள் தவறான கருவியை வைத்துக்கொண்டிருந்தாளே என்று, இறந்தவரிடம் ஒரு சிறு செல்லக்கோபம்கூட வந்தது.

ஒரு நல்ல காரியம் செய்தவன் அதோடு நிற்பதில்லை. வாரம் ஒரு அளவீடு போதாது, தினசரி வேண்டும் என்று முடிவெடுத்தேன். கட்டம்போட்ட தாள் வாங்கி முன்னறைச் சுவரில் ஆணியடித்து மாட்டினேன். ஒவ்வொருத்திக்கும் ஒரு நிறக்கோடு. ஐம்பத்தைந்தில் குறுக்காக ஒரு சிவப்புக் கோடு. தசமப்புள்ளி வரை உரக்கப் படித்துச் சொன்னேன்.

ஜூலை எட்டாம் தேதி அந்தப் பத்தாம் வகுப்புப் பெண் ஏறி நின்றாள். பிப்ரவரியில்தான் அணிக்கு வந்தவள். அகன்ற தோள், உறுதியான கால்கள். ஆடுகளத்தில் அவள் ஒருத்தியின் கணுக்காலைப் பற்றினால் அந்தக் கால் பிறகு நகராது என்று என் மனைவி சாப்பாட்டு மேசையில் ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

“ஐம்பத்தாறு புள்ளி நான்கு” என்றேன்.

அவள் இறங்கவில்லை. “சார், போன வாரம் அம்பத்துநாலுதானே சார் இருந்துச்சு?”

“போன வாரம் கருவி தவறாக இருந்தது. இப்போது சரியாக இருக்கிறது.”

“ஏய், ரோடு ரோலர், எறங்குடி, மெஷின் பாவம்” என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவள் சிரித்ததை நான் பார்த்தேன். அதனால் அதில் ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

அதன்பின் அவள்தான் தினமும் முதலில் வந்தாள். ஏறுவதற்கு முன் செருப்பை மட்டுமல்ல, தலையிலிருந்த கிளிப்பையும் கழற்றி வைத்தாள். “பாயிண்ட் எவ்ளோ சார்?” என்று கேட்டாள். மழையில்லாத காலையில் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடுவதை மாடியிலிருந்து கண்டேன். போட்டிக்கான ஒழுங்கு என்று நினைத்தேன். அவள் நிறம் பச்சை. பச்சைக் கோடு நாள்தோறும் இறங்கி, பதினெட்டாம் தேதி சிவப்புக் கோட்டைத் தொட்டது. நான் அவளிடம் சொன்னேன்: “நல்ல முன்னேற்றம்.”

அந்த இரண்டு சொற்களை இங்கே எழுதியாக வேண்டும். சொன்னவன் நான்.

இருபத்துமூன்றாம் தேதி அவள் விழுந்தபோது தலைவிதான் ஓடிவந்து கதவைத் தட்டினாள். ஆட்டோவில் ஏற்றி அருகிலிருந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். கையில் குளுக்கோஸ் ஏற்றிப் படுக்க வைத்தார்கள். சோறும் தண்ணீரும் பல நாட்களாகச் சரியாக உள்ளே போகவில்லை என்றார் மருத்துவர். ஒரு மணி நேரத்தில் அவள் தாய் வந்தார். தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடித்துக் காலையில்தான் படுத்தவர். கம்பெனிச் சட்டைக்கு மேலேயே சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்திருந்தார்.

“நானு டப்பா கட்டி வெச்சிட்டுத்தாங்க போறன் சார். காலியாத்தான் வருது டப்பா. வூட்ல கேட்டா ஸ்கூல்ல துன்னுட்டன்ங்கறா.”

தலைவி தரையைப் பார்த்தபடி சொன்னாள்: “டப்பாவ நாங்கதான் ஆன்ட்டி சாப்டோம். அவ பசிக்கலன்னு குடுத்துடுவா. உங்க எலுமிச்ச சாதம் நல்லா இருக்கும்.”

தாய் அவளைத் திட்டவில்லை. தெலுங்கில் மகளிடம் ஏதோ கேட்டார். மகள் ஏதோ முணுமுணுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

“இன்னா சொன்னீங்க?” என்று தலைவி கேட்டாள்.

“யாருக்கு பயந்துனு இப்டி பண்றனு கேட்டன். அம்பத்தஞ்சுக்குங்கறா. அது யாரு சார், அம்பத்தஞ்சு?”

அப்போது மருத்துவர் வந்து, இதற்கு முன் இவளுடைய வழக்கமான எடை என்ன, எவ்வளவு நாளில் குறைந்தது என்று கேட்டார். என்னிடம் ஜூன் 29 முதல்தான் கணக்கு இருந்தது. அதற்கு முந்தையது என் மனைவியின் பையில் இருந்தது. அந்தப் பை ஐந்து வாரமாக அலமாரியின் கீழ்த்தட்டில், ஜிப் திறக்கப்படாமல் இருந்தது. துணிமணிகளை எடுத்துக்கொடுத்தேன், வங்கிக்குப் போனேன், பள்ளிக்குச் சான்றிதழ்கள் தந்தேன். பையை மட்டும் திறக்கவில்லை. மருத்துவர் கேட்டதால் வீட்டுக்கு வந்து திறந்தேன்.

விசில். முழங்கால் உறை ஒரு ஜோடி. பாதி தீர்ந்த ஒரு வலிநிவாரணத் தைலம். நீள வடிவப் பதிவேடு ஒன்று. அதில் ஒவ்வொரு பெண்ணின் பெயருக்கு எதிரிலும் இரண்டு பத்திகள் இருந்தன. முதல் பத்தியின் தலைப்பு ‘காட்டியது’. இரண்டாவதன் தலைப்பு ‘உள்ளது’. எல்லா வரியிலும் இரண்டாவது எண் முதலாவதைவிட இரண்டு கூடுதலாக இருந்தது.

நின்றபடியே படித்துக்கொண்டிருந்தவன் உட்கார்ந்தேன். கருவி தவறாக இருந்ததென்று எனக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தவறாக வைத்ததே அவர்தான். வளர்கிற வயதில் மாதம் ஒரு கிலோ ஏறுவதைக் கண்டு பெண்கள் பயந்துவிடக் கூடாது என்று முள்ளைக் கீழே இறக்கி, அது தெரியாதபடி பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறார். யார் எந்த அணியில் ஆடுவது என்பதை இரண்டாம் பத்தியைப் பார்த்து அவரே முடிவுசெய்திருக்கிறார். பொய்யான அளவீட்டை நான் என் தொழில்வாழ்க்கையில் ஒருமுறையும் மன்னித்ததில்லை. இதை மன்னிப்பதா என்று யோசிக்கும் நிலையில் அன்று நான் இல்லை.

அந்தப் பெண்ணின் வரியில் கடைசியாக ஜூன் 15 அன்று எழுதியிருந்தது: காட்டியது 54.2. உள்ளது 56.2. பக்கத்தில் சிறிய எழுத்தில்: ‘அறுபத்தைந்து அணி. வலது கார்னர். எடைதான் அவள் பலம். மாதக் கடைசியில் சொல்ல வேண்டும்.’

மாதக் கடைசிக்கு அவர் இல்லை.

மருத்துவருக்கு எண்களைத் தொலைபேசியில் சொன்னேன். பிறகு சுவரிலிருந்த தாளை அகற்றினேன்.

சனிக்கிழமை, அந்தப் பெண் உட்பட எல்லோரும் வந்தார்கள். அவள் முகம் சற்றுத் தெளிந்திருந்தது. எல்லோரையும் முன்னறையில் உட்காரச் சொன்னேன். இரவெல்லாம் மனத்துக்குள் அமைத்து வைத்திருந்த வாக்கியங்களை வரிசையாகச் சொன்னேன்: கருவி இரண்டு கிலோ குறைவாகக் காட்டும்படி உங்கள் ஆசிரியை வேண்டுமென்றே வைத்திருந்தார், அது தெரியாமல் நான் மாற்றினேன், அதன் விளைவுக்கு நான் பொறுப்பு.

யாரும் அதிரவில்லை. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“எங்களுக்குத் தெரியும் சார்” என்றாள் தலைவி.

“எது தெரியும்?”

“மெஷின் கம்மியா காட்டும்னு. ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே பழைய இரும்புக் கடையில போயி ஏறிப் பாத்தோம். அந்தத் தராசுல எல்லாருக்கும் ரெண்டு கிலோ ஜாஸ்தி. கடைக்கார்ரு வேற, ‘கிலோ என்னா வெலைக்கு போட வந்தீங்க’ன்னு கேட்டுட்டு சிரிச்சாரு.”

“ஏன் உங்கள் ஆசிரியையிடம் சொல்லவில்லை?”

“எதுக்கு சார் சொல்லணும்? டீச்சர் எங்களுக்காகத்தான் அப்டி வெச்சிருக்காங்கன்னு தெரிஞ்சிபோச்சு. தெரியாத மாதிரியே இருந்துட்டோம். நீங்க மாத்தினதும், சரி, சார் கண்டுபுடிச்சிட்டாரு, அவரு வாத்தியாரு, வுட மாட்டாருன்னு பேசிக்கிட்டோம்.” அவள் அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தாள். “இவ அப்புறமாத்தான் டீமுக்கு வந்தா. இவளுக்குத் தெரியும்னு நெனச்சிட்டோம். அது எங்க தப்பு.”

அந்தப் பெண் இப்போது கேட்டாள். “அப்ப, டீச்சர் இருக்கறப்பவே நான் அம்பத்தாறா சார்?”

“ஆமாம்.”

“பர்கூர் மேட்ச்ல ஆடினேனே, சீனியர் அக்காங்ககூட, அப்பவும்?”

பதிவேட்டைப் பார்த்தேன். “அப்போது ஐம்பத்தைந்து புள்ளி எட்டு.”

“அன்னிக்கு டீச்சர் என்னத் தூக்கினாங்க சார். மேட்ச் முடிஞ்சி. கிரவுண்டுல அப்டியே தூக்கி ஒரு சுத்து சுத்தினாங்க.” பதிவேட்டை எட்டிப் பார்த்தாள். “அப்ப அம்பத்தஞ்சர கிலோவுக்கு மேலயா தூக்கினாங்க?”

“அவருக்கு அது தெரிந்திருந்தது” என்றேன்.

பதிவேட்டை அவளிடம் நீட்டினேன். சிறிய எழுத்திலிருந்த குறிப்பை இரண்டு முறை படித்தாள் என்று நினைக்கிறேன். அவள் கண்கள் வரியின் தொடக்கத்துக்குத் திரும்பிப்போயின.

“அறுவத்தஞ்சுல எல்லாம் பெரிய அக்காங்க. நசுக்கிருவாங்க” என்றாள்.

“நீ நசுக்குடி” என்றாள் தலைவி. “ரைட் கார்னர்ல இப்ப நான் நிக்கறன். என்னப் பாரு, கொடிக்கம்பம். ரெய்டுக்கு வர்றவ இடிச்சா லைனுக்கு வெளிய போயி விழறன். நீ ஓரத்துக்கு வா, நான் உள்பக்கம் கவருக்குப் போறன்.”

“சாப்ட்டா ஏறிடும்க்கா.”

“ஏறட்டும். அம்பத்தாறுக்கே திரும்பிப் போனாலும் இன்னும் ஒம்போது கிலோ எடம் இருக்கு உனக்கு.”

இதற்குச் சிரிப்பு எழுந்தது. அதற்குள் வேறொருத்தி, எப்போதும் வாய் சும்மா இராதவள், என்னைப் பார்த்துச் சொன்னாள்: “சார், நீங்க ஒரு தடவ ஏறுங்க.”

மறுத்தேன். “எங்களுக்கு மட்டும் டெய்லி பாத்தீங்க” என்றார்கள். அது நியாயமாக இருந்தது, ஏறினேன். தலைவி குனிந்து படித்தாள். “அம்பத்தெட்டு.” மே மாதம் மருத்துவப் பரிசோதனையில் அறுபத்துநான்கு இருந்தது என்று நான் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டியதில்லை.

“என்னா சார், நீங்களும் அம்பத்தஞ்சுக்கு ட்ரை பண்றீங்களா?”

மீண்டும் சிரிப்பு. அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. கழுத்தில் தளர்ந்து நின்ற என் சட்டைக் காலரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “காலைல சாப்டீங்களா சார்?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “நானும் இல்ல” என்றாள். தலைவி ஒருத்தியைத் தெருமுனைக் கடைக்கு இட்லி வாங்க அனுப்பினாள். முன்னறைத் தரையில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்தப் பெண் இரண்டு இட்லி சாப்பிட்டாள். இரண்டாவதை முடிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டாள்; யாரும் அவளைப் பார்க்காததுபோல இருந்தோம். நான் மூன்று சாப்பிட்டேன்.

முள்ளை மறுபடி கீழே இறக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள் தலைவி. “டீச்சருக்கு யார்கிட்ட எதச் சொல்லணும்னு தெரியும் சார். நமக்குத் தெரியாது.” அவர்களே ஒரு முறை வகுத்தார்கள். எடைபார்ப்பது மாதத்துக்கு ஒருநாள். ஏறுகிறவள் முகத்தைச் சன்னலின் பக்கம் வைத்துக்கொண்டு நிற்பாள். தலைவி மட்டும் எண்ணைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவாள். நான் மாடிக்குப் போய்விட வேண்டும்.

குருபரப்பள்ளியில் நெடுஞ்சாலையை ஒட்டிய மைதானத்தில், ஆகஸ்டில் ஒரு ஞாயிறு பிற்பகல் போட்டி நடந்தது. மேசைக்குப் பின்னால் ஒலிபெருக்கியுடன் ஒருவர் எடையை அறிவித்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்துப் பிரிவின் வரிசையில் வெவ்வேறு ஊர்ப் பெண்கள் கைக்குட்டையில் எச்சிலைத் துப்பித் துப்பி, கடைசி நூறு கிராமைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். மனைவியோடு போன போட்டிகளில் இந்தக் காட்சியை எத்தனையோ முறை பார்த்திருந்தும், அது என்ன என்று அன்றுதான் விளங்கியது. பக்கத்தில் அறுபத்தைந்து வரிசையில் எங்கள் பெண் நின்றாள். தாய் கட்டிக்கொடுத்த டப்பா அவள் கையில் திறந்திருந்தது. எலுமிச்சைச் சாதம். எச்சில் துப்பிக்கொண்டிருந்த ஒருத்தி அவளை வெறித்துப் பார்த்தாள்.

“வேணுமா?” என்று டப்பாவை நீட்டினாள் இவள்.

“போடி, கடுப்பேத்தாத” என்றாள் அவள்.

இவள் முறை வந்தது. ஏறும்போது ஒரு கணம் தயங்கினாள். தலையிலிருந்த கிளிப்புக்குக் கை போயிற்று. பாதியில் நின்று கீழே வந்தது. “ஐம்பத்தேழு” என்று ஒலிபெருக்கி நெடுஞ்சாலை வரைக்கும் சொன்னது. கிரானைட் ஏற்றிய லாரி ஒன்று அந்நேரம் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவள் கீழே இறங்கி, மீதிச் சாதத்தைச் சாப்பிட்டு முடித்தாள்.

அரையிறுதியில் மூன்று புள்ளிகளில் தோற்றோம். அவள் நான்கு பிடிகள் பிடித்தாள். மூன்றாவதில் எதிரணியின் மிகச் சிறந்த ரெய்டரைக் கணுக்காலில் பற்றி, கோட்டுக்கு அரையடி முன்பு நிறுத்தினாள். மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்த அந்த ரெய்டர் சொன்னதை, ஆட்டம் முடிந்தவுடன் இவள் என்னிடம் ஓடிவந்து ஒப்பித்தாள்.

“‘யப்பா, இவ புடிச்சா எரும புடிச்ச மாதிரி இருக்குது’ன்னா சார். அத நோட்ல எழுதிக்கங்க.”

“எருமை என்று சொன்னதையா?”

“ஆமா சார். அப்டியே எழுதுங்க.”

அவள் முற்றிலும் குணமாகிவிட்டாள் என்று எழுதினால் அது அளவீட்டுப் பிழையாகும். சில நாட்களில் டப்பா பாதியுடன் திரும்புவதாக அவள் தாய் சொல்கிறார். கடைக் கண்ணாடிகளைக் கடக்கும்போது பக்கவாட்டில் பார்த்து வயிற்றை உள்ளிழுத்துக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அறுபத்தைந்தில் ஆடுகிறாள். நின்ற இடத்தில் நிற்கிறாள். மாதத்தில் ஒருநாள் சன்னலைப் பார்த்தபடி கருவியில் ஏறி இறங்குகிறாள். கீழே மறுபடியும் சிரிப்பு கேட்கிறது. நான் செய்தித்தாளுடன் மாடியில் இருக்கிறேன்.

இன்னும் செய்யாமல் நிற்பவை:

முன்னறைச் சுவரில் நான்கு ஆணித் துளைகள். அடைக்க வேண்டும்.

பர்கூர் கல்பட்டறைக்குக் கல்லறைக் கல்லின் நீளம், அகலம், கனம் கொடுத்தாயிற்று. வாசகம் கொடுக்கவில்லை. இரண்டு முறை கேட்டுவிட்டார்கள்.

விசிலைத் தலைவியிடம் கொடுக்க வேண்டும். மார்ச்சில் அவள் பள்ளியை முடிக்கிறாள்.

பதிவேட்டில் மேலும் இரண்டு பெயர்களுக்கு எதிரே ‘சொல்ல வேண்டும்’ என்றிருக்கிறது. ஒருத்தியிடம் என்ன சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கவில்லை.

குருபரப்பள்ளி, மூன்றாவது பிடி. அந்தப் பெண் எழுதச் சொன்ன வாக்கியத்தை இன்னும் பதிவேட்டில் ஏற்றவில்லை. ‘உள்ளது’ என்ற பத்தியில் எழுத வேண்டும்.